பைய

வயிற்றில் தடவிய ஜெல் காய்வதற்குள் சொல்லிவிட்டார்கள்.
தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு துளை.
அதன் வழியே வெளியே வந்த குடல்
தண்ணீரில் மிதக்கிறது.
ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றமென
சுவரில் மராத்தியில் எழுதியிருந்தது.
எங்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

துளை எத்தனை இஞ்ச் என்று கேட்டார்
இசக்கிமுத்து.
தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால்
பதினாலு வருசமாகப் பள்ளிக்கூடப் பை தைக்கிறவர்.
எந்தக் கிழிசலையும் முதலில் அளப்பார்.

டாக்டர் பாக்வே சிரிக்கவில்லை.
ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டு
பின்பக்கம் பேனாவால் வரைந்தார்.
கைகால் இல்லாமல் ஒரு வயிறு,
அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு பை.
பிறந்ததுமே மூடித் தைக்க முடியாது,
உள்ளே இடம் பற்றாது.
குடலை இந்தப் பைக்குள் வைத்துத்
தூக்கிக் கட்டிவிடுவோம்.
தினம் கொஞ்சம் தானாக இறங்கும்,
கொஞ்சம் நாங்கள் இறக்குவோம்.
தீரே தீரே, என்றார்.

அவர் என் பக்கம் திரும்பி
பைய பையப் போகுமாம், என்றார்.
அதுவரை இந்தியில் கேட்டதெல்லாம்
அப்போதுதான் எனக்குள் விழுந்தது.

தலைப்பிரசவத்துக்கு அம்மா போட்டிருந்த
டிக்கெட்டை கேன்சல் செய்தோம்.
இந்தக் கட்டடத்தில்தான் பிறக்க வேண்டும்,
பிரசவ அறைக்கும் குழந்தைகள் ஐசியுவுக்கும் நடுவில்
ஒரு லிஃப்ட்தான் இருக்க வேண்டும்.
அம்மா போனில் ஒன்றே ஒன்று கேட்டாள்,
கிரகணத்தன்று ஊசியைத் தொட்டாயா என்று.

தொட்டேன்.
அவருக்கு நூல் கோத்துக் கொடுத்தேன்,
ஏழெட்டுத் தடவை. அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல்.
அம்மாவிடம் இல்லையென்றேன்.

சிஸ்டர் ஜெஸிந்தா நாகர்கோவில்காரி.
நீ செய்த எதனாலும் வந்ததில்லை இது என்று
நான் கேட்காமலே சொன்னாள்.
பிளட் எடுக்கும்போது மறுபடி சொன்னாள்.
மூன்றாவது தடவை சொல்ல வந்தபோது
ஊசி விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.
என்னையே கொஞ்சநேரம் பார்த்தாள்.
அன்னைக்கு எனக்கு டே டியூட்டி,
இந்த வார்டு முழுக்க ஊசி போட்டேன்,
எனக்கே மாசமாக இருந்தது அப்போது, என்றாள்.
மேஜைக் கண்ணாடிக்கு அடியில்
தலைமுடி நிறைந்த ஒரு குழந்தையின் போட்டோ.

முப்பத்திரண்டாம் வாரம்
உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள்.
முழங்கைவரை சோப்பு, தலைக்குத் தொப்பி.
மூன்றாவது பெட்டியில்
பிவண்டிக்காரி ருக்ஸானாவின் குழந்தை.
பேனாவில் பார்த்த பை
அங்கே நிஜமாக, கண்ணாடிபோல, நிற்கிறது.
நேற்றைக்குப் பாதியாம்.
ருக்ஸானா தேதி எழுதிய பாட்டில்களை
ஃபிரிட்ஜில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.
பதினொரு நாள் பால்.
ஒரு சொட்டுகூட இன்னும் குழந்தைக்குப் போகவில்லை.
ஆனால் போகும், என்றாள்,
நான் கேட்டதுபோல.

அவருக்கு நூல்தான் கவலை.
கடைசியில் மூடும்போது என்ன நூல் போடுவார்கள்?
தானாகக் கரைந்துவிடும் என்றதும்
பஸ்ஸில் வீடுவரை பேசவில்லை.
சயான் இறங்கும்போது கேட்டார்,
கரைகிற நூலை நம்பி
எப்படித் தைக்கிறார்கள் இவர்கள்?
அதற்குள் சதை ஒட்டிக்கொள்ளும் என்றேன்.
ரெக்சினுக்கு அந்தப் புத்தி கிடையாது,
என்றார்.

இப்போது முப்பத்தாறு.
ஸ்கேன் ஃபைலுக்கு, தண்ணீர் புகாமல்,
அவரே ஒரு பை தைத்திருக்கிறார்.
ஜிப்புக்கு மேலே மடிப்பு,
உள்பக்கம் மார்க்கரில் வார்டு நம்பர்.
நேற்றிலிருந்து விடாத மழை.
கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் என்றார்கள்.
ராத்திரி பத்தரைக்கு
டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.
வயிறு ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தது.
வலியில்லை, வெறும் புரளல்.
பைய, என்றேன் அதனிடம்,
பைய.

பன்னிரண்டுக்கு நனைந்து வந்து நின்றார்.
முழங்காலுக்கு நாலு இஞ்ச் கீழே,
என்றார்.
இப்போதைக்குப் போகலாம்.